சாக்ஸ்2-வை அடக்கியும் புற்றுச்செல் கோளங்கள் குறையவில்லையே, ஏன்?

மதுரையில் முதுநிலை ஆய்வுக்காக எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச்செல்களில் சாக்ஸ்2-வை அடக்கிப் பார்ப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். சாக்ஸ்2, ஆக்ட்4, நானோக் ஆகிய புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, செல்லை முதிரவிடாமல் தன்னையே புதுப்பிக்க வைக்கின்றன. அப்படிப்பட்ட ஒற்றைச் செல் பெருகி உருவாகும் உருண்டைதான் நீங்கள் எண்ணும் கோளம். அரைகுறையாக அடக்கினால் மிச்சமிருப்பதே வேலையை ஓட்டிவிடும். ஆர்என்ஏ அளவை மட்டும் நம்பாதீர்கள். வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனையில் புரதத்தையே பாருங்கள்.

எனக்கென்னவோ செல் நெருக்கத்தின் மேல்தான் சந்தேகம். கூட்டம் அதிகமானால் செல்கள் பெருகாமலே ஒட்டிக்கொண்டு போலிக் கோளமாகிவிடும். 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, மில்லிலிட்டருக்கு 1,000 செல்லுக்கு மிகாமல், ஒட்டாத தட்டில், சீரம் (இரத்தத் தெளிநீர்) இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் விதையுங்கள். பி27 என்ற ஊட்டக் கலவையும், மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதமும் சேருங்கள். தட்டை ஆட்ட வேண்டாம். நம் ஊர் வெயிலில் இஜிஎஃப்-ஐ வெளியே வைத்தால் வீரியம் போகும். சிறு பங்குகளாக உறையவையுங்கள். ஏழாம் நாள் 50 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றை எண்ணி, தனிச்செல்களாகப் பிரித்து மறுபடி விதையுங்கள். சாக்ஸ்2-வின் விளைவு அந்த இரண்டாம் சுற்றில்தான் தெளிவாகத் தெரியும்.