தபாலில் தொலைந்த கைத்தையல் குவில்ட்டை அமெரிக்காவில் எப்படித் தேடுவது?

அமெரிக்காவுக்குள் அனுப்பிய குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து அடுக்காகத் தைத்த போர்வை) போய்ச் சேரவில்லை, காரிலிருந்து திருடு போனாலும் இதே வழிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வழி வேறு.

அரசுத் தபாலான யுஎஸ்பிஎஸ் மூலம் அனுப்பியிருந்தால் நம்பிக்கையை விடாதீர்கள். பெட்டி கிழிந்து, முகவரி உரிந்துபோன பொருள்கள் அட்லாண்டாவில் உள்ள தபால் மீட்பு மையத்துக்குப் போகும். உரியவர் தெரியாவிட்டால் பிறகு ஏலம்தான். அதனால் அனுப்பி 7 நாள் ஆனதுமே யுஎஸ்பிஎஸ் இணையதளத்தில் தேடல் கோரிக்கை போடுங்கள். "நீலப் போர்வை" என்று எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நீள அகலம், துண்டுகளை இணைத்த வடிவத்தின் பெயர் (லாக் கேபின் என்பதுபோல), ஓரப்பட்டையின் நிறம், பின்பக்கத் துணி, ஏதாவது கறை அல்லது ஒட்டு, இதெல்லாம் வேண்டும். முன்புறம், பின்புறம் இரண்டுக்கும் படம் இணையுங்கள்.

திருட்டு என்றால் முதலில் போலீஸ் புகார். அப்புறம் அக்கம்பக்கத்து அடகுக் கடை, பழைய பொருள் கடை, பழைய போர்வைகள் போய்ச் சேரும் விலங்குக் காப்பகம் எல்லாவற்றிலும் படத்தைக் கொடுங்கள். காரிலிருந்து எடுத்தவனுக்கு குவில்ட்டின் அருமை தெரியாது, எங்காவது தள்ளிவிட்டுப் போயிருக்கலாம்.

காப்பீடு கேட்கும்போது எழுத்துபூர்வ மதிப்பீடு இல்லையென்றால், மாதக்கணக்கான உழைப்புக்குச் சாதாரணப் போர்வையின் விலைதான் கிடைக்கக்கூடும். இது எனக்கு மிகவும் அநியாயமாகப் படுகிறது. கென்டக்கி மாநிலம் படூகாவில் உள்ள அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி சான்றளித்த மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். அடுத்ததை அனுப்புமுன் அவர்களிடம் காட்டுங்கள். பெட்டிக்குள்ளும் ஒரு முகவரிச் சீட்டு வையுங்கள்.