வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்க இலக்கியமும் கட்டுரைத் தாளும்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில், அமெரிக்க இலக்கியத் தாள் பற்றியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நதானியல் ஹாதர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' பற்றி நான் எழுதிய கட்டுரை, 'தவறு செய்த பெண்ணைச் சமூகம் ஒதுக்கிவைப்பதை ஹாதர்ன் காட்டுகிறார்' என்று தொடங்குகிறது. 'இதை யார் மறுக்கப்போகிறார்கள்?' என்று ஓரத்தில் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நாவலை இரண்டு தடவை படித்தேன். எங்கே தவறினேன்?

பதில்: படிப்பில் குறை இல்லை. நீங்கள் எழுதியது உண்மைதான், ஆனால் அது 2-ஆம் அத்தியாயத்தைப் புரட்டியவர் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதை நிரூபிக்க ஒரு கட்டுரை தேவையில்லை. அதனால்தான் அடுத்து வந்த பக்கங்களில் உங்களுக்குக் கதையைச் சொல்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிருக்கிறது. நாவலை உங்கள் அளவுக்கே கவனமாகப் படித்த இன்னொருவர் 'நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்' என்று சொல்லக்கூடிய வாக்கியம்தான் கட்டுரையின் மையமாக நிற்கும்.

அப்படியொரு வாக்கியம் யோசித்து வருவதில்லை, தேடித்தான் வரும். நாவலில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எங்கெல்லாம் வருகிறது என்று ஒரு தாளில் அத்தியாய எண்ணோடு குறியுங்கள். உங்கள் நாவலில் அது, தகாத உறவுக்குத் தண்டனையாக நாயகி ஹெஸ்டர் மார்பில் அணிய வேண்டிய அந்த 'ஏ' எழுத்தே. 2-ஆம் அத்தியாயத்தில் ஹெஸ்டர் அதைச் சிவப்புத் துணியில் தங்க நூல் வேலைப்பாட்டோடு அணிந்து வருகிறாள். தண்டனைச் சின்னத்துக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்? 12-இல் வானத்து ஒளியில் அதே எழுத்து தெரிகிறது. அவளோடு உறவுகொண்டதை மறைத்துவரும் போதகர் டிம்ஸ்டேல் அதில் தன் குற்றத்தைப் பார்க்கிறான், தேவாலய ஊழியரோ 'ஏஞ்சல்' என்று வாசித்ததாகச் சொல்கிறார். 13-இல் ஊரில் பலர் அதற்கு 'ஏபிள்' (வல்லவள்) என்று பொருள் சொல்லத் தொடங்குகிறார்கள். 18-இல் காட்டில் ஹெஸ்டர் அதைக் கழற்றி எறிகிறாள். 19-இல் மகள் பேர்ல் அடம்பிடித்து மறுபடி அணியவைக்கிறாள். 24-இல், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்புகிறவள், யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே அணிந்துகொள்கிறாள்.

இந்தத் தாளைப் பார்த்தால் கேள்வி தானாக எழும்: எழுத்தின் பொருளை முடிவு செய்வது யார்? ஒரு பதில் இப்படி இருக்கலாம்: 'எழுத்தின் பொருள் மாறக் காரணம் ஹெஸ்டரின் நடத்தைதான் என்றாலும், புதிய பொருளை அறிவிக்கும் அதிகாரம் கடைசிவரை ஊரின் கையிலேயே இருக்கிறது.' 24-ஆம் அத்தியாயத்தைக் காட்டி இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிகிறது என்பதே இந்த வாக்கியத்தின் தகுதி.

இன்னொரு வேலையும் மீதம் இருக்கிறது. 14-ஆம் அத்தியாயத்தில், எழுத்தை அகற்ற அனுமதிக்கலாமா என்று மன்றத்தில் பேச்சு வந்ததாக அவள் கணவன் சில்லிங்வொர்த் சொல்ல, அது நீதிபதிகள் விருப்பப்படி அகற்றக்கூடியது அல்ல என்று ஹெஸ்டர் அமைதியாகப் பதில் சொல்கிறாள். அதிகாரம் ஊரின் கையில் என்ற உங்கள் வாதத்துக்கு இது நேர் எதிரி. இதைக் கண்டும் காணாததுபோல விட்டால் திருத்துகிறவர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு முழுப் பத்தி ஒதுக்கி, இதோடு மல்லுக்கட்டுங்கள். கட்டுரையின் சிறந்த பத்தி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: 1,200 சொற்களுக்குள் எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது? என் கட்டுரைகளில் முன்னுரையே ஒன்றரைப் பக்கம் ஓடிவிடுகிறது.

பதில்: முன்னுரைக்கு 100 முதல் 120 சொற்கள். அதற்குள் நூல், நீங்கள் எடுத்துக்கொண்ட சிக்கல், மைய வாக்கியம் மூன்றும் வந்துவிட வேண்டும். நடுவில் தலா சுமார் 240 சொற்களில் நான்கு பத்திகள். முடிவுக்கு 100 சொற்கள் மிஞ்சும், அது போதும். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன வாதிட்டோம் என்று அப்போதுதான் நமக்கே தெளிவாகியிருக்கும்.

ஒவ்வொரு நடுப்பத்தியிலும் முதல் வாக்கியம் ஒரு கருத்தைச் சொல்லட்டும். பிறகு 15 சொற்களுக்கு மிகாத மேற்கோள் ஒன்று. அதன்பின் மூன்று, நான்கு வாக்கியங்கள் அந்த மேற்கோளுக்குள்ளேயே நிற்க வேண்டும்: எந்தச் சொல், ஏன் அந்தச் சொல், அதே இடத்தில் வேறு சொல் வந்திருந்தால் என்ன போயிருக்கும். மேற்கோளோடு பத்தியை முடிப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் இறக்கிவிடுவதற்குச் சமம் அது.

எழுதி முடித்ததும், பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'அடுத்து', 'பிறகு', 'இறுதியில்' என்று தொடங்கினால் நீங்கள் கதையின் வரிசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். 'ஆனால்', 'அதனால்', 'இருந்தும்' என்று தொடங்கினால் வாதத்தின் வரிசையில் போகிறீர்கள்.

கேள்வி: மரணத்தைப் பற்றி எமிலி டிக்கின்சன் எழுதிய கவிதை, மரணம் ஒரு கனவானாக வந்து அழைத்துப்போகும் அந்த வண்டிப் பயணக் கவிதை ('பிகாஸ் ஐ குட் நாட் ஸ்டாப் ஃபார் டெத்'), ஒரு புத்தகத்தில் ஐந்து ஸ்டான்ஸாவாகவும் (நான்கு வரிக் கண்ணி) இன்னொன்றில் ஆறாகவும் இருக்கிறது. ஒன்றில் தலைப்பு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. எதை மேற்கோள் காட்டுவது?

பதில்: ஆறு ஸ்டான்ஸா உள்ளதை. டிக்கின்சன் (1830–1886) ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்து சொச்சம்தான். 1890-இல் மேபல் லூமிஸ் டாட், தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் இருவரும் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தபோது, அவருடைய சிறுகோடுகளையும் பெரிய எழுத்துகளையும் அன்றைய வாசகருக்கு ஏற்பச் சீர்செய்தார்கள். இந்தக் கவிதைக்கு 'தி சாரியட்' என்ற தலைப்பும் அவர்கள் வைத்ததே. நான்காவது ஸ்டான்ஸாவை முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். 1955-இல் தாமஸ் எச். ஜான்சனும் 1998-இல் ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளினும் கையெழுத்துப் பிரதிகளை ஒட்டிப் பதிப்பித்தார்கள். ஜான்சனில் இதன் எண் 712, ஃபிராங்க்ளினில் 479. எந்தப் பதிப்பு என்பதையும் எண்ணையும் கட்டுரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

விடுபட்ட அந்த ஸ்டான்ஸாவிலேயே உங்கள் கட்டுரைக்கு விஷயம் இருக்கிறது. கவிதையின் ஒவ்வொரு வரியிலும் எத்தனை சிலபிள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். (யாப்பு படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நம் நேரசை, நிரையசைக் கணக்கு இங்கே பொருந்தாது. ஓர் உயிரொலிக்கு ஒன்று என்று எண்ணினால் பெரும்பாலும் சரியாக வரும்.) மற்ற ஸ்டான்ஸாக்கள் 8-6-8-6 என்று ஒரே சீராக ஓடுகின்றன. மூன்றாவது, அஸ்தமிக்கும் சூரியனை வண்டி கடந்ததாக முடிகிறது. நான்காவது உடனே அதைத் திருத்துகிறது: 'ஆர் ராதர் – ஹி பாஸ்டு அஸ்'. இல்லையில்லை, அவன்தான் (சூரியன்தான்) எங்களைக் கடந்தான். அந்த வரியில் 6 சிலபிள், அடுத்ததில் 8. வரிசை 6-8-8-6 என்று புரண்டுவிடுகிறது. யார் யாரைக் கடக்கிறார்கள் என்பது தலைகீழாகும் அதே இடத்தில் ஓசையும் தலைகீழாகிறது. அங்கேதான் பனியும் குளிரும் உள்ளே வருகின்றன, கவிதையில் பேசுகிறவள் உடுத்தியிருப்பது எவ்வளவு மெல்லிய துணி என்றும் தெரியவருகிறது. 1890 பதிப்பில் இந்தக் குளிர் கிடையாது. அங்கே மரணம் கடைசிவரை மரியாதையான கனவானாகவே இருந்துவிடுகிறான். இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் முழுக் கட்டுரைக்கும் இதுவே போதும்.

கேள்வி: மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' படிக்க உட்கார்ந்தால், முதல் பக்கத்து ஆங்கிலமே புரியவில்லை. சுருக்கப் பதிப்பைப் படித்துவிட்டு எழுதலாமா?

பதில்: வேண்டாம், நீங்கள் எழுத வேண்டிய விஷயமே அந்த ஆங்கிலம்தான். அது பிழையாக எழுதப்பட்டதல்ல. பல வட்டார வழக்குகளைக் கவனத்தோடு கையாண்டிருப்பதாக நூலின் தொடக்கக் குறிப்பிலேயே ட்வைன் சொல்லிவிடுகிறார். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். 'வாஸ்ன்ட்' என்பதற்கு 'வார்ன்ட்', ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறை என்று சில பழக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மூன்று, நான்கு அத்தியாயங்களில் காது பழகிவிடும்.

சுருக்கத்தில் காணாமல் போவது என்ன என்பதற்கு ஓர் உதாரணம். 'சிவிலைஸ்' (நாகரிகப்படுத்து) என்ற சொல்லை, கதை சொல்லும் சிறுவன் ஹக் 'எஸ்' எழுத்தில் தொடங்கித் தப்பாக எழுதுகிறான். நாவலின் தொடக்கத்தில் ஒரு தடவை, கடைசிப் பத்தியில் இன்னொரு தடவை. அத்தனை பயணத்துக்கும், 31-ஆம் அத்தியாயத்தில், தன்னோடு தப்பி வந்த அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்கும் கடிதத்தை அவன் கிழித்துப்போட்ட பிறகும், அந்தச் சொல்லை அவன் சரியாக எழுதக் கற்கவில்லை. அது அறியாமையா, மறுப்பா என்று கேட்டால் கட்டுரை தொடங்கிவிடும். மேற்கோளில் இந்தப் பிழைகளைத் திருத்திவிடாதீர்கள். ஜிம்மைக் குறிக்க அந்தக் காலத்து மனிதர்கள் பயன்படுத்தும் இழிசொல்லை மட்டும், தவிர்க்க முடியாத மேற்கோளுக்கு வெளியே, உங்கள் சொந்த வாக்கியத்தில் ஒருபோதும் கொண்டுவராதீர்கள்.

கேள்வி: ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினால் அடித்துவிடுகிறார்கள். பின்னணியே வேண்டாமா?

பதில்: வாதத்துக்கு உதவும் பின்னணி வேண்டும். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1817-இல் கான்கார்டில் பிறந்தார் என்பதால் உங்கள் கட்டுரையில் எதுவும் மாறப்போவதில்லை. ஆனால் அவர் வால்டன் குளக்கரையில் 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, 1854-இல் வந்த 'வால்டன்' நூலில் அதை ஒரே ஆண்டின் பருவச் சுழற்சியாகச் சுருக்கினார் என்பது நூலின் அமைப்பைப் பற்றிய செய்தி. அதேபோல, ஃபிரெடரிக் டக்ளஸின் 1845 தன்வரலாற்றுக்கு முன்னால் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கேரிசனின் முன்னுரையும் ஃபிலிப்ஸின் கடிதமும் நிற்கின்றன. அடிமையாக இருந்த ஒருவர் 'நானே எழுதியது' என்று தலைப்பிலேயே சொல்லியும், இரண்டு வெள்ளையர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சாட்சிகளைத் தாண்டி அவர் குரல் எப்படி எழுகிறது என்பது அருமையான கேள்வி. பின்னணித் தகவலை அது தேவைப்படும் பத்தியில் வையுங்கள், முன்னுரையில் குவிக்காதீர்கள்.

கேள்வி: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறேன். காலமும் மேற்கோள் முறையும் குழம்புகின்றன.

பதில்: திட்டத்தைத் தமிழில் போடுவதில் தவறே இல்லை. வாதம் தெளிவாகும் மொழியில்தான் யோசிக்க வேண்டும். மேற்கோளை அலசும் வாக்கியங்களை மட்டும் நேரே ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஏனென்றால் அங்கே ஆராய்வது ஆங்கிலச் சொல்லை. நூலுக்குள் நடப்பதெல்லாம் நிகழ்காலம், எழுதியது, வெளியானது போன்ற வரலாறு இறந்தகாலம். 'ஷோஸ்' என்ற வினைச்சொல்லை எத்தனை தடவை போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கதைசொல்லி மறைக்கிறாரா, தயங்குகிறாரா, முந்திச் சொன்னதைத் திருத்துகிறாரா என்று கேட்டு, அந்தந்த வினையைப் போடுங்கள்.

மேற்கோளுக்கு மாடர்ன் லாங்வேஜ் அசோசியேஷன் கையேட்டின் 9-ஆம் பதிப்பு (2021) சொல்வது: உரைநடை நான்கு வரிகளைத் தாண்டினாலோ, கவிதை மூன்று வரிகளைத் தாண்டினாலோ தனிப் பத்தியாக அரை அங்குலம் உள்ளே தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் எழுத வேண்டும். அதற்குக் குறைந்த கவிதை வரிகளை வாக்கியத்துக்குள்ளேயே சாய்கோடு போட்டுப் பிரிக்கலாம். அடைப்புக்குள் ஆசிரியரின் குடும்பப் பெயரும் பக்க எண்ணும் வரும், இரண்டுக்கும் நடுவே காற்புள்ளி கிடையாது. பல பதிப்புகள் உள்ள நாவல் என்றால், பக்க எண்ணுக்குப் பிறகு அரைப்புள்ளி இட்டு அத்தியாய எண்ணையும் சேர்த்துவிடுங்கள். வேறு பதிப்பை வைத்திருப்பவராலும் அந்த வரியைத் தேடி எடுத்துவிட முடியும்.