குறைந்த வெப்பநிலை நைட்ரைடு மென்படல ஆய்வு: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள், எம்.எஸ்சி.க்குப் பிறகு குறைந்த வெப்பநிலையில் நைட்ரைடு குறைக்கடத்தி மென்படலங்களை வளர்க்கும் ஆய்வில் முனைவர் பட்டம் பெற விரும்புவதாகவும், அதை நம்பி ஏழெட்டு ஆண்டுகளைச் செலவிடுவதைவிட இப்போதே பி.எட். சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் இந்தத் துறையில் ஆய்வுத் தலைப்பை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. எந்த ஆய்வகத்தில், எந்தக் கருவியில், எத்தனை நேரம் அவர் கைப்பட வேலை செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தே இதன் பயன் அமையும்.

நைட்ரைடு என்பது ஓர் உலோகமும் நைட்ரஜனும் சேர்ந்த பொருள்; அதில் முதலில் வருவது காலியம் நைட்ரைடு. வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்கிலும், உள்ளங்கைக்குள் அடங்கும் வேக சார்ஜரிலும், ராணுவ ரேடார்களிலும் இருப்பது இதுதான். தொழிற்சாலைகளில் இதை எம்.ஓ.சி.வி.டி. எனப்படும், ஆவிகளை வினைபுரியச் செய்து படலம் படிய வைக்கும் முறையில், உலையில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் வளர்க்கிறார்கள். அம்மோனியாவைப் பிளந்து நைட்ரஜனைப் பிரிப்பதற்கும், பரப்பில் வந்து விழும் அணுக்கள் நகர்ந்து படிகத்தில் தமக்குரிய இடத்தைப் பிடிப்பதற்கும் அவ்வளவு சூடு தேவைப்படுகிறது. அந்தச் சூடே பிறகு தடையாகிறது. உலோக இணைப்புகள் போடப்பட்டு முடிந்த சிலிக்கான் சில்லு ஏறத்தாழ 400 டிகிரிக்கு மேல் தாங்காது. வளையும் பிளாஸ்டிக் தகடுகளில் பல அதில் பாதிகூடத் தாங்காது. சிலிக்கானும் காலியம் நைட்ரைடும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் படலம் விரிசல் விடுவதும் உண்டு. இண்டியம் நைட்ரைடோ, அந்த வெப்பத்தை எட்டுவதற்கு முன்பே சிதைந்துவிடும். ஆகவே நைட்ரஜனை வெப்பத்தால் அல்லாமல் பிளாஸ்மாவால், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவால் பிளந்து, 200 முதல் 400 டிகிரிக்குள் படலத்தை உருவாக்கும் வழிகளைத் தேடுகிறார்கள். தங்கள் மகள் சொல்லும் துறை இதுவே.

வேலை எப்படிப்பட்டது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். அணுப்படல வளர்ப்பு, அதாவது ஏ.எல்.டி. முறையில், காலியம் கொண்ட ஆவியையும் நைட்ரஜன் பிளாஸ்மாவையும் மாற்றி மாற்றிச் செலுத்தி, ஒரு சுற்றுக்கு ஒரு அணு அடுக்கையும்விடக் குறைவாகப் படலத்தை ஏற்றுவார்கள். இப்படி வளர்ந்த படலங்களில் ஆக்சிஜன் மிகுந்திருந்தது. கசிவோ, வாயுவின் தூய்மைக் குறைவோ காரணமாக இருக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அங்காராவில் உள்ள பில்கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களோ, பிளாஸ்மாவைத் தாங்கி நிற்கும் குவார்ட்ஸ் குழாயையே ஆக்சிஜனின் ஊற்றாகக் கண்டார்கள். குவார்ட்ஸ் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். பிளாஸ்மா அதை அரித்து ஆக்சிஜனை வெளியேற்றிக்கொண்டிருந்தது. குழாய்க்குப் பதிலாக எவர்சில்வரால் ஆன உள்ளீடற்ற எதிர்மின்வாயைப் பொருத்தியதும் 200 டிகிரியிலேயே கிடைத்த படலங்களில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தது. இத்தகைய துப்பறியும் வேலையில் மனம் ஒன்றுகிறவருக்கு இந்தத் துறை பிடிக்கும். அன்றன்றைக்கு விடை கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவருக்குப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு வேண்டாம்.

சந்தை நிலவரத்தையும் உள்ளபடி சொல்லிவிட வேண்டும். குறைந்த வெப்பநிலையில் வளர்த்த காலியம் நைட்ரைடு இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது. சூடான உலையில் வளர்ந்த படிகத்தின் தரத்தை அது எட்டவில்லை. அலுமினியம் நைட்ரைடின் கதை வேறு. ஸ்பட்டரிங் முறையில், அதாவது உலோகத் தகட்டிலிருந்து அணுக்களை மோதிப் பெயர்த்து, மிதமான சூட்டில் படிய வைத்த அதன் படலங்கள் கைபேசிகளின் ரேடியோ வடிகட்டிகளில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அதனோடு ஸ்காண்டியம் சேர்த்தால் அழுத்தமின் விளைவு (அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் தன்மை) பல மடங்கு கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். அதே கலவையை நினைவகங்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற வாசலை ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகம் 2019-இல் திறந்தது. எனவே தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தங்கள் மகளுக்குக் கிடைத்தால், அலுமினியம் ஸ்காண்டியம் நைட்ரைடின் பக்கம் சாய்வதே நல்லது என்பது என் கருத்து. (ஸ்பட்டரிங் முறையில் காலியத்தைக் கையாள்வதும் எளிதன்று; அது 30 டிகிரியிலேயே உருகும் உலோகம். சென்னை வெயிலில் மேசைமேல் வைத்தாலே போதும்.)

வேலைவாய்ப்பு என்று வரும்போது, நிறுவனங்கள் ஆய்வேட்டின் தலைப்பைவிட வெற்றிடம், பிளாஸ்மா, எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல், மின்னணு நுண்ணோக்கி ஆகியவற்றில் கிடைத்த கைப்பழக்கத்தையே மதிக்கின்றன. மென்படலக் கருவிகளைத் தயாரிக்கும் அப்ளைடு மெட்டீரியல்ஸ், லாம் ரிசர்ச் ஆகிய இரண்டுக்கும் பெங்களூரில் பொறியியல் மையங்கள் உள்ளன. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டெல்லி திடநிலை இயற்பியல் ஆய்வகம் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களில் பணியாற்றுகிறது. குஜராத்தில் வரும் தொழிற்சாலைகள் சிலிக்கானுக்கானவை. ஆனாலும் அங்கும் படலம் படிய வைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஆய்வகத்தை நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், பேராசிரியரின் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் கருவியின் ஓட்டப் பதிவேட்டைக் காட்டச் சொல்லி மகள் கேட்கட்டும். கடந்த ஓராண்டில் அது எத்தனை மாதம் பழுதாகிக் கிடந்தது, மாணவர்களே இயக்குகிறார்களா அல்லது தொழில்நுட்பர் மட்டுமா, ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். படலத்துக்குக் காலியம் தரும் டிரைமெத்தில் காலியம் காற்றுப் பட்டாலே தீப்பற்றும், அம்மோனியா நச்சு வாயு. ஆகவே வாயு அலமாரி, கசிவு எச்சரிக்கைக் கருவி, கழிவு வாயுவைச் சுத்திகரிக்கும் அமைப்பு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில், பட்டம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சேர்க்க வேண்டாம். நம் பக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையத்தையும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் நானோ அறிவியல் மையத்தையும் முதலில் விசாரிக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, எம்.எஸ்சி. வரைதான் செலவு தங்களுடையது. எம்.எஸ்சி.யில் சேர ஐ.ஐ.டி. நடத்தும் ஜாம் தேர்வும், பிறகு முனைவர் பட்டத்துக்கு நெட் அல்லது கேட் தேர்வும் வழி. நெட் மூலம் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், பிறகு எஸ்.ஆர்.எஃப். எனப்படும் முதுநிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் தருகிறார்கள். உதவித்தொகை இல்லாமல் கைக்காசு போட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்வதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே இவ்வாண்டு முடிவெடுக்க வேண்டியது எம்.எஸ்சி.யைப் பற்றி மட்டுமே. அதன் முதல் கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு மென்படல ஆய்வகத்தில் பயிற்சி பெறட்டும். பிடிக்கிறதா என்பது அவருக்கே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் பி.எட். எங்கும் போய்விடாது, முதுகலை ஆசிரியர் பணிக்கு எம்.எஸ்சி.யும் எப்படியும் தேவைப்படும்.