ஆம்புலன்ஸ் சேவை ஒன்றை நிர்வகிப்பவரின் பொறுப்புகள் என்னென்ன?

உங்கள் ஊர் மன்றத்தின் சார்பில் ஆம்புலன்ஸ் ஒன்று வாங்கவிருப்பதாகவும், ஓட்டுநருக்குச் சம்பளம், வண்டிக்கு டீசல் ஆகியவற்றுக்கு அப்பால் நிர்வாகி கவனிக்க வேண்டியவை எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் அறக்கட்டளை ஒன்றின் சிறிய ஆம்புலன்ஸ் சேவையைக் கவனித்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வண்டி புறப்பட்ட பிறகு நிர்வாகியால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே அந்த நேரத்தில் ஓட்டுநரும் உதவியாளரும் நோயாளியின் உறவினர்களும் நின்று விவாதிக்க நேராதபடி, எடுக்க வேண்டிய முடிவுகளை முன்னதாகவே எடுத்து எழுதி வைப்பதுதான் அவருடைய முதன்மையான வேலை.

முதலில், வாங்கப்போகும் வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் தெளிவு வேண்டும். ஏ.ஐ.எஸ்.-125 என்னும் தேசியத் தரநிலை ஆம்புலன்ஸ்களை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறது. இவற்றுள் பி வகை நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுசெல்வதற்கானது. சி வகையில் அடிப்படை உயிர்காப்பு வசதிகளும், டி வகையில் மேம்பட்ட உயிர்காப்பு வசதிகளும் இருக்க வேண்டும். நம் ஊர் மன்றங்கள் பெரும்பாலும் வாங்குவது ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜனும் கொண்ட எளிய வண்டியைத்தான். அதில் தவறில்லை, ஆனால் அந்த வண்டியில் எந்த நோயாளியை ஏற்றக்கூடாது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவரை மருத்துவமனை மாற்ற வேண்டும் என்று நள்ளிரவில் அழைப்பு வரும்போது, மறுக்கும் துணிவு ஓட்டுநருக்கு அந்த எழுத்திலிருந்துதான் கிடைக்கும்.

அடுத்தது ஆக்சிஜன். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இது வெறும் வகுத்தல் கணக்கு. ஆனாலும் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. சிலிண்டர்களுக்கும் பி, டி என்ற வகைப்பெயர்கள் உண்டு; அவற்றுக்கும் வண்டியின் வகைகளுக்கும் தொடர்பில்லை. சிறிய பி வகை சிலிண்டரில் முழுமையாக நிரப்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் அது 150 நிமிடம் வரும்; மூச்சுத்திணறல் கடுமையாகி 15 லிட்டராக உயர்த்தினால் 100 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம் 65 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான் என்றாலும், மாலை நேர நெரிசலில் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகிவிடும். அதாவது ஒரே ஒரு சிறிய சிலிண்டருடன் அந்தப் பயணத்தைத் தொடங்கக்கூடாது. ஏறத்தாழ 7,000 லிட்டர் கொள்ளும் டி வகை சிலிண்டர் வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சிறியது ஸ்ட்ரெச்சருடன் இறங்கி ஏறுவதற்கு மட்டும். பணி மாறும்போதெல்லாம் அழுத்தமானியின் அளவைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "சிலிண்டர் இருக்கிறது" என்ற பதிலை நிர்வாகி ஏற்கக்கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் இருந்தால் அதன் பேட்டரி, ஒட்டுப் பட்டைகளின் காலாவதி நாள், சளி உறிஞ்சும் கருவி ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

எந்த மருத்துவமனைக்கு என்பதுதான் உள்ளதிலேயே கடினமான முடிவு. விபத்தில் தலையில் அடிபட்டவரை அருகில் இருக்கிறது என்பதற்காகவே சிறிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும், பிறகு திருவனந்தபுரத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் நேரம் முழுவதும் வழியிலேயே கழிந்துவிடும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடம் எது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்களைப் பாம்பு கடிப்பது உண்டு. விஷமுறிவு மருந்து எங்கெங்கே கையிருப்பில் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டு, பட்டியலை அவ்வப்போது திருத்த வேண்டும். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளின் பெயர்கள் வண்டியிலேயே இருந்தால், பணத்துக்கு என்ன செய்வது என்ற உறவினர்களின் கலக்கம் பாதியாகக் குறையும். நோயாளியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக மருத்துவமனைகள் கொடுக்கும் கமிஷனை எந்தப் பெயரிலும் வாங்கக்கூடாது என்பதை, பணியில் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். அதை அனுமதித்தால், எங்கே போவது என்பதை நோயல்ல, கமிஷனே முடிவு செய்யும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது வெளியூரார் நினைப்பதைவிடச் சிரமமானது. வீடுகள் இடைவெளியின்றித் தொடர்வதால் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. 'விளை' என்று முடியும் ஊர்ப்பெயர்களோ ஏராளம். எனவே அழைப்பை எடுப்பவர் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல், தாலுகா, அருகிலுள்ள சந்திப்பு, குருசடியோ (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) கோவிலோ குளமோ எது பக்கத்தில் என்றும் கேட்க வேண்டும். ஒருவர் சாலைமுனையில் டார்ச்சுடன் நிற்கும்படியும் சொல்ல வேண்டும். கோதையாறு, பேச்சிப்பாறைப் பகுதிகளில் கைபேசித் தொடர்பு நிலையாக இருக்காது. அங்கிருந்து ஜீப்பில் இறங்கிவருபவர்களைக் குலசேகரத்தில் சந்திப்பது போன்ற ஏற்பாடு முன்பே பேசி வைத்திருந்தால்தான் உதவும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிவிட்டால் நடுவில் இறங்க வழியில்லை என்பதைப் புதிய ஓட்டுநருக்குப் பகலிலேயே ஓட்டிக் காட்டுங்கள். கடலில் இருப்பவருக்கு உடல்நலம் கெட்டதாக உறவினர் அழைத்தால், கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைச் சொல்லிவிட்டு, படகு எந்தத் துறைமுகத்துக்கு வருகிறது என்று உறுதி செய்தபின் வண்டியை அனுப்புங்கள்; முட்டத்துக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே உள்ள தூரம் சிறியதன்று.

தகுதிச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று ஆகியவற்றின் முடிவு நாட்களைச் சுவரில் எழுதி வையுங்கள். ஊசி, பஞ்சு போன்ற கழிவுகளை 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் நிறப் பைகளிலும் கலன்களிலும் பிரித்து ஒப்படைக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவு இடம் தருகிறது. அதே சட்டத்தின் துணை இருக்கிறது என்பதற்காக, வெறும் வண்டியைச் சைரன் ஒலித்து ஓட்டிவரும் ஓட்டுநரைக் கண்டிக்காமல் விடாதீர்கள். இரவெல்லாம் ஓடியவரை மறுநாள் பகலிலும் அனுப்பக்கூடாது என்பதால் ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்களாவது தேவை. நன்கொடை திரட்டும்போது மன்றங்கள் இந்தச் செலவைத்தான் மறந்துவிடுகின்றன. சடலங்களைக் கொண்டுசெல்ல அதே வண்டியைப் பயன்படுத்தும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அரசின் இலவச அமரர் ஊர்திக்கு 155377 என்ற எண் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து 108 சேவை இயங்கிவருகிறது; உங்கள் வண்டி அதற்குப் போட்டியன்று. அழைப்பு வந்ததும், நம் வண்டி எத்தனை நிமிடத்தில் சேரும் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். 108 வண்டி முன்னதாக வந்துசேரும் நிலையிருந்தால் அதையே அழைக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு வண்டி கிடைத்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்துக் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் உடனே உங்கள் வண்டியை அனுப்புங்கள்.