திவால் பிரிவா, வணிக வழக்கா? இளம் வக்கீலின் கேள்விக்குப் பதில்

கேள்வி: சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. திவால் சட்டம், வணிக வழக்குகள், ஒப்பந்தத் தயாரிப்பு ஆகிய மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். திவாலுக்குத்தான் எதிர்காலம் என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுக்கலாம்?

பதில்: வணிக வழக்குகளை எடுங்கள். கம்பெனிகளின் திவால் வழக்குகள் நடக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் ஏறக்குறைய எல்லாமே பிரமாணப் பத்திரத்திலும் ஆவணங்களிலும் முடிந்துவிடும்; குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு மிக அரிது. சாட்சி விசாரணை பழகியவர் பின்னாளில் தீர்ப்பாயத்துக்குப் போவது எளிது. தீர்ப்பாயத்திலேயே ஐந்து வருடம் இருந்துவிட்டு முதல்முறையாகச் சாட்சியைக் கேள்வி கேட்க எழுவது மிகக் கடினம். அப்போது பக்கத்தில் நின்று திருத்த சீனியரும் இருக்கமாட்டார்.

வணிக நீதிமன்றத்தில் கெடு கறாரானது. சம்மன் கிடைத்த 120 நாளுக்குள் பிரதிவாதி எதிருரை (எழுத்துமூலப் பதில்) போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில், முதலில் சமரச மையத்துக்குப் போகாமல் பிராது போட்டால் நிராகரிப்பார்கள். கைவசமுள்ள ஆவணங்களைப் பிராதோடே கொடுத்துவிட வேண்டும். ஜூனியர்கள் சறுக்குவது இங்கேதான். கட்சிக்காரரிடம் இன்வாய்ஸை வாங்கிக்கொள்வார்கள்; டெலிவரி சலானையும், கணக்குப் பேரேட்டையும், பாக்கியை ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் கேட்கமாட்டார்கள். பிறகு சேர்க்க வேண்டுமென்றால் தாமதத்துக்குக் காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும்.

இந்தப் பழக்கம் திவால் வேலைக்கும் அப்படியே உதவும். சரக்கோ சேவையோ கொடுத்தவர் திவால் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் போடும் மனுவை அடிக்கடி வீழ்த்துவது, பாக்கியைக் கேட்டு அவர் அனுப்பும் டிமாண்ட் நோட்டீஸுக்கு முன்பே இருந்த தகராறு. நோட்டீஸ் வந்த 10 நாளுக்குள் எதிர்த்தரப்பு கம்பெனி அதைக் காட்டியாக வேண்டும். சரக்கு சரியில்லை என்று எப்போதோ அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மதிப்பு. ஒப்பந்த வேலையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். எந்த ஷரத்து நீதிமன்றத்தில் நிற்காது என்று பார்த்தவர் எழுதும் ஒப்பந்தம் உறுதியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். பெயர்தான் வணிக வழக்குப் பிரிவு, நடப்பதெல்லாம் இடைக்கால மனுக்கள் என்ற நிலை பல நிறுவனங்களில் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரை வைத்துத் தேடலாம். அந்தப் பிரிவின் சீனியர் பெயரைப் போட்டு, எத்தனை வழக்குகள் சாட்சி விசாரணை நிலையில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். சாட்சியின் வாக்குமூலமாகத் தாக்கல் செய்யும் முதல் விசாரணைப் பிரமாணப் பத்திரத்தை ஜூனியர் தயாரிக்கிறாரா, சிறிய சாட்சிகளையாவது விசாரிக்க விடுகிறார்களா என்று அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், கேஸ் கட்டை முழுதாக உங்கள் கையில் கொடுக்கும் சீனியர் திவால் பிரிவில் இருந்தால் தயங்காமல் அங்கேயே சேருங்கள்.