கட்சி மாறி மீண்ட லோவாசா: கேள்வி பதில்

தான்சானியாவின் முன்னாள் பிரதமர் எட்வர்ட் லோவாசா (1953–2024), 2015-இல் ஆளுங்கட்சியான சி.சி.எம்.-ஐ விட்டு எதிர்க்கட்சியான சடேமாவில் சேர்ந்து, 2019-இல் பழைய கட்சிக்கே திரும்பினார். அவரைக் குறித்து வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: அவர் கட்சி மாறக் கொள்கை வேறுபாடு ஏதேனும் காரணமா?

பதில்: இல்லை. அதிபர் வேட்பாளர் ஆவதற்கான வழியைத் தலைமை அடைத்ததே காரணம். 1995-இலேயே அவர் அந்த வாய்ப்பைக் கேட்டுப் பார்த்து ஏமாந்தவர். 2005-இல் நண்பர் கிக்வேத்தே அதிபராவதற்கு முன்னின்று உழைத்துப் பிரதமரானவர். 2015-இல் தம் முறை வந்துவிட்டது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. அந்த ஜூலையில் தலைநகர் டொடோமாவில் 38 பேர் போட்டியிட, சி.சி.எம்.-இன் மத்தியக் குழு பட்டியலை ஐந்தாகச் சுருக்கியபோது அவர் பெயர் அதில் இல்லை. குழுவின் உறுப்பினர் மூவர் செய்தியாளர்களிடம் வந்து தங்களுக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகவே கூறினர். அடுத்து தேசிய செயற்குழு கூடிய அரங்கில் கட்சித் தலைவரான கிக்வேத்தே நுழைந்தபோது, உறுப்பினர் பலர் அவர் முகத்துக்கு நேரே 'துனா இமானி நா லோவாசா' என்று பாடினார்கள். 'லோவாசாவிடம் எங்களுக்கு நம்பிக்கை உண்டு' என்பது பொருள். (இமானி என்பது நம் ஊர் முஸ்லிம்கள் வழங்கும் ஈமான் என்ற அரபுச் சொல்தான்.) பாட்டு பலிக்கவில்லை, அமைச்சராக இருந்த ஜான் மகுஃபுலி வேட்பாளரானார். ஜூலை 28-இல் லோவாசா சடேமாவில் சேர்ந்தார்.

கேள்வி: கட்சி மாறினால் அங்கே பதவி பறிபோகுமா?

பதில்: போகும். தான்சானிய அரசியல் சட்டப்படி நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க ஒரு கட்சியின் உறுப்பினராக இருப்பது கட்டாயம், சுயேச்சைக்கு இடமில்லை. அத்தடை உரிமை மீறல் என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தும் 2015 தேர்தலில் அது நீங்கியிருக்கவில்லை. ஆகவே அங்கே தாவுபவர் நாள் பார்த்துத்தான் தாவ வேண்டும். அவையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்த வேளையில் வெளியேறியதால் லோவாசாவுக்கு அதில் இழப்பில்லை.

கேள்வி: மாசாய் இனத்தவர் என்பதால்தானே ஒதுக்கினார்கள்?

பதில்: கென்யாவின் இனக் கணக்கைத் தான்சானியாவில் போடாதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இக்கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது. லோவாசாவின் அதே மொண்டுலிப் பகுதியிலிருந்து வந்த மாசாயான எட்வர்ட் சொகொய்னே இரண்டு முறை பிரதமராக இருந்தவர்.

கேள்வி: ரிச்மண்ட் ஊழலில் அவர் குற்றவாளிதானே?

பதில்: குற்றச்சாட்டு வேறு, தண்டனை வேறு. 2006 வறட்சியில் நீர்மின் அணைகள் வற்றியபோது, 100 மெகாவாட் அவசர மின்சாரத்துக்கு ரிச்மண்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்நிறுவனத்துக்கு அதற்கான திறனே இல்லை என்றும், பிரதமர் அலுவலகத்தின் தலையீடு இருந்தது என்றும் முவாக்யெம்பே தலைமையிலான நாடாளுமன்றக் குழு கண்டது. தம்மை அழைத்து விளக்கம் கேட்கவில்லை என்று அவையிலேயே முறையிட்டுவிட்டு, 2008 பிப்ரவரி 7-இல் லோவாசா பதவி விலகினார். அதற்காக அவர்மீது நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததே இல்லை.

கேள்வி: நீங்கள் அவருக்கு வெள்ளையடிக்கிறீர்கள். அவரை ஏற்ற சடேமாவையும் காப்பாற்றுகிறீர்கள்.

பதில்: முதல் பாதி தவறு, வழக்கு நடக்கவில்லை என்பது நற்சான்று ஆகாது. இரண்டாம் பாதிக்கு விரிவாகவே சொல்கிறேன். 2007-இல் டார் எஸ் சலாமில் பொதுக்கூட்டம் போட்டு ஊழல் பட்டியல் வாசித்தவர் சடேமாவின் வில்பிராட் ஸ்லா. லோவாசாவின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது. எட்டாண்டு கழித்து அதே மனிதரைக் கட்சி வேட்பாளராக்கியபோது, பொதுச் செயலாளராக இருந்த ஸ்லா கட்சி அரசியலை விட்டே விலகினார். கூட்டணிக் கட்சியான கஃப்பின் தலைவர் லிபும்பாவும் பொறுப்பைத் துறந்தார். வாக்கு என்னவோ பெருகியது: 2010-இல் கால்பங்குக்குச் சற்று மேலே இருந்தது, 2015 அக்டோபர் 25-இல் 39.97 விழுக்காடாயிற்று. மகுஃபுலி 58.46 பெற்றார். ஆனால் அதற்கு விலையாகச் சடேமா தன் பழைய முழக்கத்தையே கொடுத்தது: ஊழல் என்ற சொல்லை மேடையில் எடுக்கவே தயங்கிய கட்சியை, எதிர்முகாமின் மகுஃபுலி அதே சொல்லை வைத்து வென்றார். அது பெரும் பிழை என்பதே என் கருத்து.

கேள்வி: இன்னும் கொஞ்சம் வாக்கு வாங்கியிருந்தால் அது சரி என்பீர்களா?

பதில்: மாட்டேன். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: முடிவை எதிர்த்து ஏன் வழக்குத் தொடரவில்லை?

பதில்: அறிவிக்கப்பட்ட அதிபர் தேர்தல் முடிவை எந்த நீதிமன்றமும் விசாரிக்க அங்கே அரசியல் சட்டம் இடம் தரவில்லை.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டுதானே 2019-இல் திரும்பினார்?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. மேலே சொன்னதையே மீண்டும் படியுங்கள்: குற்றச்சாட்டு வேறு. கண்முன் தெரிந்த காரணங்களே போதும். 2016 முதல் மகுஃபுலி அரசு எதிர்க்கட்சிகளின் பொதுக்கூட்டங்களைத் தடுத்தது; கூட்டத்தால் வளர்ந்த ஒருவருக்குக் கூட்டமில்லாத கட்சியில் என்ன வேலை? 2018 தொடக்கத்திலேயே அதிபர் மாளிகைக்குப் போய் மகுஃபுலியைப் பாராட்டிவிட்டு வந்தார். மறு ஆண்டு மார்ச் 1-இல், வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்று சொல்லிச் சி.சி.எம்.-இல் சேர்ந்தார்.

கேள்வி: ரெய்லா ஒடிங்காவைப் பற்றியும் எழுதுங்களேன்.

பதில்: அது கென்யக் கதை, தனி அமர்வு வேண்டும்.

கேள்வி: நன்மை எதுவுமே செய்யவில்லையா?

பதில்: செய்திருக்கிறார். நீர்வளத்துறை அமைச்சராக இருந்தபோது விக்டோரியா ஏரியின் நீரைக் கஹாமா, ஷின்யாங்கா ஊர்களுக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டத்தை முன்னெடுத்தார். அந்த ஏரியிலிருந்து ஓடும் நைல் நதியைப் பற்றிய 1929 ஒப்பந்தத்தைக் காட்டி எகிப்து எதிர்த்தது. காலனி ஆட்சிக்கால ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்பது தான்சானியாவின் நிலை. பிரதமரானபின் வட்டாரம்தோறும் உயர்நிலைப்பள்ளி என்ற திட்டத்தை விரட்டி நடத்தினார். கட்டடம் எழுந்த வேகத்தில் ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற குறையும் உண்மையே.

கேள்வி: அவரைப் போல் போய்த் திரும்பியவர் வேறு யார்?

பதில்: மற்றொரு முன்னாள் பிரதமரான ஃபிரெடரிக் சுமாயே. அவரும் 2015-இல் போய் 2020-இல் திரும்பினார்.