கணக்கு கேட்டால் கதவைச் சாத்துவதா?

கேள்வி: எங்கள் கட்சிக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில், விருந்துக்கு வசூலித்த பணத்துக்குக் கணக்கு கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதிவை அழித்து என்னையும் தூக்கிவிட்டார் தலைவர். பேச்சுரிமை என்று வழக்குப் போடலாமா ஐயா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போடலாம், ஆனால் பருப்பு வேகாது. மலேசிய அரசியலமைப்பின் 10ஆவது விதி தரும் பேச்சுரிமை அரசாங்கத்திடமிருந்து நம்மைக் காப்பதற்கு, கிளைத் தலைவரின் கைப்பேசிக்குள் அது நுழையாது. போதாததற்கு 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 18சி பிரிவு வேறு, உள்விவகாரத்தில் கட்சி எடுக்கும் முடிவே இறுதி, நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்கிறது. கெட்ட வார்த்தையை அழித்தால் சரி, அது ஒழுங்கு. கணக்கை அழிப்பது எந்த ஊர் ஒழுங்கு? (விருந்துக்கு எத்தனை மேசை விற்றது என்று அவருக்கே தெரியாதோ என்னவோ.) ஆண்டுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து அதையே கேளுங்கள், பதிலைக் கூட்டக்குறிப்பில் எழுதவும் சொல்லுங்கள்.